எட்டாவது வண்டி

காலை ஏழு மணிக்கெல்லாம் மலைப்பாதையை மூடுபனி விழுங்கிவிட்டது. இப்படிப்பட்ட நாளில் நெடுஞ்சாலை ரோந்துக்கு ஒரே வேலைதான். நீல விளக்கைச் சுழலவிட்டு நாங்கள் முன்னால் போவோம், வண்டிகள் வரிசையாகப் பின்னால் வரும். வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. கடைசி வண்டி மட்டும் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். வளைவுகளில் அந்த மினுக்கல் எங்கள் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தால் யாரும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

போன வருடம் நான் அதைப் பார்க்காமலே "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டேன். ஒரு கார் பள்ளத்தில் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

இன்று ஏழு வண்டிகள். ஏழாவதில் ஒரு அம்மாவும், பின்சீட்டில் தூங்கும் மகளும்.

மூன்றாவது வளைவில் கண்ணாடியைப் பார்த்தேன். மினுக்கல் தெரிந்தது.

அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு விளக்குகள்.

ஒன்று வெள்ளை. ஒன்று மஞ்சள்.

போன வருடம் பள்ளத்திலிருந்து தூக்கிய காருக்கும் முகப்பு விளக்குகள் அப்படித்தான் இருந்தன.

"அண்ணே, எட்டு வருது," என்று கிசுகிசுத்தேன்.

வண்டி ஓட்டிய அண்ணன் திரும்பவே இல்லை. "கண்ணாடியப் பாக்காத தங்கச்சி. பனி நாள்ல அது வரும். கண்டுக்காம போனா ஒண்ணும் செய்யாது."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உன்கிட்டதான் யாரும் சொல்லல."

ரோந்து போன் அடித்தது. ஏழாவது வண்டியின் அம்மா. "மேடம், பின்னாடி ஒருத்தன் இடிச்சிக்கிட்டே வர்றான். பள்ளத்துப் பக்கம் தள்றான். பாப்பா அழுறா..."

பயமில்லை என்றால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க."

"இங்கயா? உனக்கென்ன பைத்தியமா?"

"நிறுத்துங்கண்ணே!"

ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் கை வைத்து எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். ஏழும் சூடாக இருந்தன.

எட்டாவது சில்லென்று இருந்தது.

பச்சைச் சேற்று வாடை. உள்ளே ஆள் இல்லை.

"போன தடவை உன்ன விட்டுட்டுப் போனவ நான்தான்." முகப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "கோவம் இருந்தா என்கிட்ட காட்டு. அந்தப் புள்ளைய விடு. முன்னாடி வா, எனக்கு அடுத்து வா. இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன்."

திரும்பி நடந்தேன். நான் போய்ச் சேருமுன் அது எங்கள் பின்பம்பரை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் கண்ணாடியைத் திருப்பப் போனார். கையைத் தட்டிவிட்டேன். அடிவாரம் வரை பின்கழுத்தில் குளிர் விட்டுப் போகவே இல்லை.

கீழே வெயில். பின்பம்பரை ஒட்டி வந்தது மறைந்திருந்தது. சாலையில் நின்று சத்தமாக எண்ணினேன். ஏழு. கடைசி வண்டியில் அழுது முகம் வீங்கிய மகள் என்னை முறைத்துவிட்டுப் போனாள். பதிவேட்டில் எட்டு என்று எழுதினேன்.

"மேல கேப்பாங்க தங்கச்சி."

"கேக்கட்டும்."

மதியம் வண்டி வரிசை ஏதுமில்லாமல் தனியாகவே மலையேறினோம். பளீரென்ற வெயில், பனியின் சுவடே இல்லை. கண்ணாடியில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள். இரண்டு பக்க இண்டிகேட்டரும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தன.

அண்ணன் வேகத்தைக் கூட்டினார்.

"இருபதத் தாண்டாதீங்கண்ணே," என்றேன்.