குளிர் அறையில் ஒடீல்

"கதவைத் திறங்க!"

ஒடீலின் அலறல் நான்கு சுவர்களில் மோதி அவளிடமே திரும்பி வந்தது.

வெளியே... ஒரு சத்தமும் இல்லை!

க்யூபெக்கின் செந்-மார்சியலில் இருந்த நார்வல் மோட்டார் தொழிற்சாலையே காலி. மேப்பிள் மரப்பாகு விருந்துக்காக எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். விருந்து முடிந்ததும் அங்கேயே ஓட்டெடுப்பு.

ஒடீல் வடிவமைத்த சின்ன மூன்று சக்கர மோட்டார் சைக்கிளைத் தயாரிப்பதா, வேண்டாமா?

அந்த வண்டி இப்போது அவள் பக்கத்தில்தான் நின்றது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. பனிக்காலத்தில் வண்டி கிளம்புகிறதா என்று சோதிக்கும் குளிர் அறை அது. பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி!

கடைசியாக ஒருமுறை வண்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடியை யாரோ கழற்றியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ... கம்பெனித் தலைவர் காஸ்பார்!

காலையில் கூட இருவருக்கும் சண்டை.

"நம்ம பெரிய மூணு சக்கர வண்டிய வாங்குறவன் தலை நரைச்சவன், ஒடீல். கையில காசு இருக்கு, முட்டியில வலி இருக்கு. சின்ன மாடல் விட்டா, பெரிசு வாங்க வர்றவனும் சின்னதுக்கு இறங்கிடுவான்!"

"அவங்கெல்லாம் ஒவ்வொருத்தரா செத்துட்டிருக்காங்க, காஸ்பார்! இருபது வயசுப் பொண்ணு முதல் வண்டியா எதை வாங்குவா? வேற கம்பெனி வண்டியத்தான்!"

"நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அந்தப் பொம்மை வெளிய வராது!"

பொம்மையோடு அவளையும் சேர்த்து அடைத்துவிட்டானா?

விரல் நுனிகள் மரத்தன. சுவரில் தொங்கிய உள்தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது...

"ஹலோ?"

லுட்ஜே! விற்பனைத் தலைவன். சின்ன மாடலுக்காக அவளோடு நின்று வாதாடிய ஒரே ஆள்!

"லுட்ஜே! குளிர் அறையில மாட்டிக்கிட்டேன்! காஸ்பார் பூட்டிட்டான்!"

"ஐயோ! பயப்படாத, ஒடீல். சாவிய தேடி எடுத்துட்டு ஓடி வர்றேன். அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணு. இன்ஜின் சூட்டுல கைய வச்சுக்க."

"பைத்தியமா? மூடுன ரூம்ல புகை என்னைக் கொன்னுடும்!"

"புகைய இழுக்கிற ஃபேனை இங்கேர்ந்து போட்டுட்டேன். தைரியமா ஸ்டார்ட் பண்ணு!"

நல்ல மனுஷன்!

சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பலிலேயே இன்ஜின் உறுமியது. அந்த நிலையிலும் அவளுக்குப் பெருமையாக இருந்தது! இரண்டு கைகளையும் இன்ஜினை ஒட்டி வைத்தாள். உயிர் திரும்பியது.

கொஞ்ச நேரம்தான்.

தலை வலித்தது... கண் இருட்டியது...

அண்ணாந்து பார்த்தாள். புகை, கூரைத் துவாரத்தை நோக்கிப் போகவே இல்லை. அவள் தலைக்கு மேலேயே சோம்பேறித்தனமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது!

ஃபேன் ஓடவில்லை.

லுட்ஜே... பொய் சொன்னான்!

"அடப்பாவி!"

இன்ஜினை நிறுத்தினால் குளிர் கொல்லும். நிறுத்தாவிட்டால் புகை கொல்லும்.

ஒடீல் வண்டியில் தாவி ஏறினாள். பின்பக்க கியர். வண்டி சுவர்வரை நகர்ந்தது. பெரிய மாடலாக இருந்திருந்தால் பின்வாங்க இடமே இருந்திருக்காது!

முழு வேகம்.

டமார்! கதவு வளைந்தது.

மறுபடி பின்னால்... மறுபடி முன்னால்...

டமார்! தாழ்ப்பாள் தெறித்தது. வண்டியும் அவளும் வெளியே போய் விழுந்தார்கள்.

பெரிய கைகள் அவளைத் தூக்கின. காஸ்பார்!

"கிட்ட வராத!"

"மூச்ச இழு, பொண்ணே! நல்லா இழு! விருந்துல உன்னைக் காணலன்னு தேடி வந்தேன். லுட்ஜே ஃபேன் சுவிட்சுக்குக் காவல் நிக்கிறான். என்னைப் பார்த்ததும் ஓடினான்."

"பிடிச்சீங்களா?"

"இளமையில ஐஸ் ஹாக்கி ஆடினவன்மா நான். சுவத்தோட சேர்த்து ஒரே இடி!"

போலீஸ் சார்ஜென்ட் யோலாந்த் வந்து விலங்கு மாட்டியபோது, லுட்ஜேயின் மூக்கில் ரத்தம்.

"ஏன்டா?" ஒடீலின் குரல் உடைந்தது. "நீ என் பக்கம்தானே நின்ன!"

"உயிரோட இருக்கிற நீ சொல்லி இந்தக் கிழவன் கேக்கல. செத்துப்போன ஒடீலோட கடைசி ஆசைன்னா எவன் எதிர்த்து ஓட்டுப் போடுவான்? பழி காஸ்பார் மேல விழும். சின்ன மாடலும் வரும், அவன் நாற்காலியும் எனக்கு வரும்."

காஸ்பார் அவனை அருவருப்பாகப் பார்த்தார்.

"மடையா... சண்டை முடிஞ்சு கார்ல போறப்போ என் பேத்திகிட்ட கேட்டேன். நம்ம வண்டிய வாங்குவியான்னு. 'தாத்தா, அது உங்க வயசுக்காரங்க வண்டி'ன்னு சிரிச்சா. அப்பவே முடிவு பண்ணிட்டேன். சின்ன மாடலுக்கு சரின்னு சொல்லத்தான் ஒடீலைத் தேடி வந்தேன்!"

லுட்ஜேயின் முகம் செத்தது.

ஒடீல் அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கம்பளியை அவள் தோளில் போர்த்திய காஸ்பார், கதவை உடைத்த வண்டியின் நசுங்கிய மூக்கைத் தடவிக்கொடுத்தார்.

யோலாந்த், லுட்ஜேயை போலீஸ் காருக்குள் தள்ளினாள்.

"ஜெயில்... அங்க ரூமெல்லாம் எப்படி இருக்கும்?" அவன் குரல் நடுங்கியது.

"சின்ன மாடல்தான் சார். ஒரு கட்டில், ஒரு கம்பி ஜன்னல்..." யோலாந்த் கதவை அறைந்து சாத்தினாள். "அங்க மட்டும் பெரிய மாடல் விடுறதா எங்களுக்கு யோசனையே இல்ல!"