வெள்ளை மங்கு நட்ட வழி

"முன் சில்லுக்குக் காத்து அடிச்சாச்சு, பிள்ளை. பின் சில்லுக்கு நாளைக்கு அடிச்சுத் தாறன்."

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கதிரேசு மகளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

மலாயாவில், ரெங்கத்துக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நாலு டிவிசன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினால் நாலையும் தொட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்து சேரும் வட்டப் பாதை. கோயிலைச் சுற்றுவது போலத் தோட்டத்தையும் வலமாகத்தான் சுற்றுவார் கதிரேசு. மூன்றாம் டிவிசன் தாண்டியதும் சுவரை நிமிர்த்தி வைத்தது போல ஒரு மேடு வரும். அதன் உச்சியில் நாலாம் டிவிசன். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியவர் பாதி மேட்டில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

லாபிஸில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்த மாமா விசுவலிங்கம் ரயிலில் வந்தார், காரியம் முடித்தார், அம்மாவையும் அன்னலட்சுமியையும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றுவதாகச் சொல்லிவிட்டு ரயிலிலேயே போனார்.

அன்னலட்சுமி போவதாக இல்லை. ஜொகூர் பாருவில் பிரசவம் பார்க்கப் படித்துத் தேறியவள் அவள். தோட்டத்துத் துரையின் முன்னால் போய் நின்றாள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய் வரும் அப்பாவின் வேலையைத் தனக்கே தரும்படி கேட்டாள். துரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மாதம். ஒரு நாள்கூட ஒரு லயமும் தவறக் கூடாது. தவறினால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

சரி என்றாள்.

அப்படித்தான் ஒரு மத்தியானம், மழை விட்ட நேரத்தில், அதே மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். ரப்பர் இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியது. அப்பா உட்கார்ந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் நிற்கவே கூடாது என்று பல்லைக் கடித்தாள்...

"வழி... வழி... வழீ!"

மேலிருந்து ஒரு சைக்கிள் பறந்து வந்தது. அவளை ஒரு சாண் தள்ளிக் கடந்து, ஓரத்து லோங்கான் வடிகாலில் தலைகுப்புறப் போய் விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சேற்றுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. முகமெல்லாம் சேறு. அதற்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும், கழுவித் துடைத்து வைத்த மாதிரி...

"கண் தெரியேல்லையோ உங்களுக்கு?"

"கண்ணு நல்லாத் தெரியுது மிஸ்ஸி. பிரேக்குதான் சொன்ன பேச்சு கேக்கலை."

சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அதை மறைக்க மருந்துப் பெட்டியைத் திறந்தாள்.

"முழங்கையைக் காட்டுங்கோ."

"அலமாக்! எரியுதே!"

"ஆடாமல் இருங்கோ. மேல லயத்தில மூண்டு வயசுப் பிள்ளைகூட இப்பிடிக் கத்தேல்லை."

"அந்தப் பிள்ளை லோங்கானுக்குள்ள விழலையே மிஸ்ஸி?"

பெயர் காளியப்பன் என்றான். யோங் பெங்கிலிருந்து மாற்றலாகி அந்த வாரம்தான் வந்த கணக்கெழுதும் கிராணி. டிவிசன் டிவிசனாகப் போய் ரப்பர் பால் நிறுக்க வேண்டும். கட்டுப் போடும்போதும் வாய் ஓயவில்லை.

"ஆமா, நீங்க ஏன் இந்தப் பக்கமா ஏறுறீங்க? அப்படியே திருப்பிச் சுத்தி வந்தீங்கன்னா அந்தப் பக்கம் ஏத்தம் இருக்கிறதே தெரியாது. பாட்டுப் பாடிக்கிட்டே ஏறிடலாம். எந்த மடையன் உங்களுக்கு இப்படி வழி போட்டுக் குடுத்தான்?"

அவள் கை நின்றது.

"என்ர அப்பா."

"அப்ப அவருகிட்டயே சொல்லுங்க மிஸ்ஸி, ஒரு தடவை அந்தப் பக்கமா ஏறிப் பாக்கச் சொல்லி."

"சொல்லேலாது. இந்த மேட்டிலதான் அவர் செத்தவர்."

பெட்டியை மூடினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கண்களில் சட்டென்று விளக்கணைந்ததை அவள் பார்க்காமலில்லை...

மறுநாள் மேட்டின் உச்சியில் அவன் காத்திருந்தான். சட்டை வெளுத்திருந்தது. முகம் வாடியிருந்தது.

"நேத்து தெரியாமப் பேசிட்டேன் மிஸ்ஸி. மன்னிச்சிருங்க. ஆனா அந்தப் பக்கத்து வழி..."

"இடப்பக்கமாச் சுத்துறது எதுக்கெண்டு தெரியுமோ?" அவள் சைக்கிளை நிறுத்தினாள். "சுடலையில கொள்ளிக்குடத்தோட சுத்துறது. அப்பா செத்து ரெண்டு மாசம்கூட ஆகேல்லை. என்னை அப்பிடிச் சுத்தச் சொல்லுறியளோ?"

அவன் சரிவை எட்டிப் பார்த்தான். "அதுக்காக இதுல ஏறித்தான் ஆகணுமா?" என்றான்.

"ஓம். அப்பாவை விழுத்தின மேடு. இதை நான் ஏறித்தான் தீருவன்."

"அந்தப் பக்கமா ஏறினாலும் இதே மேடுதானே மிஸ்ஸி..."

அவள் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் மங்குகள் முளைத்தன. நாலாம் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரியை ஒட்டிய வீட்டுக்கு இறங்கும் நீண்ட வழியில், திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு குச்சி. குச்சியின் தலையில் கவிழ்த்து வைத்த வெள்ளை மங்கு, பால் பிடிக்கிற கிண்ணம். எல்லாம் கீழிருந்து ஏறி வருகிறவர் கண்ணில் படும்படி நட்டிருந்தது. செம்மண் சேறாகும் இடத்தில் மங்கு பாதையை விட்டு விலகி, புல் வெட்டிய தடத்துக்குள் கூட்டிப் போனது. ஓடைமேல் இற்றுப்போன பலகைக்குப் பதில் புதுப் பலகை கிடந்தது. மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் நிழல் இருந்தது. யாரோ தினமும் நடந்து பார்த்து, ஏறிப் பார்த்து, மாற்றி மாற்றி யோசித்துப் போட்ட வழி.

"கிராணி மிஸ்ஸிக்கு வழி போடுறாரு லா!" என்று புல் வெட்டும் பெண்கள் சிரித்தார்கள்.

அன்னலட்சுமிக்குக் காது சூடேறியது. அந்த வழியில் அவள் ஏறவில்லை. ஆனால் மங்குகளில் ஒன்றையும் பிடுங்கவில்லை. இறங்கும்போது ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை...

துரை சொன்ன மாதத்தின் கடைசி நாள். காலையிலிருந்தே வானம் இருட்டிக் கிடந்தது. மாமா கப்பல் டிக்கெட்டோடு வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூன்று டிவிசன் பார்த்தாகிவிட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, மேடு சறுக்கும் என்று நனைந்தபடி பாதியில் திரும்பியிருந்தாள் அன்னலட்சுமி. மழை கொஞ்சம் விட்டால் நாலாம் டிவிசனுக்குப் போகலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது ஓர் ஆள் ஓடி வந்தான்.

"மிஸ்ஸி! அங்கம்மாவுக்கு வலி எடுத்துருச்சு. கால் முன்னால வருதாம்!"

நாலாம் டிவிசன். அன்னலட்சுமி பெட்டியை எடுத்தாள்.

"விடு பிள்ளை," என்றார் மாமா. "நாளைக்கு ரயில். இனி உனக்கேன் இது?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள். அப்பாவின் பக்கம் அல்ல. மங்குகளின் பக்கம். அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அன்னம்! அது செத்தவைக்குச் சுத்துற பக்கமடி!"

"நான் பிறக்கப் போற பிள்ளைக்குச் சுத்துறன், அம்மா."

மழை முகத்தில் அடித்தது. மரங்கள் கறுப்பாக நின்றன. அந்தக் கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி... அதைத் தாண்டினால் இன்னொன்று... இன்னொன்று... கால் மிதித்துக்கொண்டே இருந்தது. மேடு எங்கே தொடங்கியது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

கடைசித் திருப்பத்தில் ஓர் ஆள் தொப்பலாக நனைந்தபடி, காற்றில் விழுந்த குச்சியை மண்ணில் குத்திக்கொண்டிருந்தான்.

"மழைக்குள்ள என்ன செய்யிறியள்?"

"மங்கு விழுந்துருச்சு மிஸ்ஸி."

"நான் இந்தப் பக்கமா வருவனெண்டு ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலை." அவன் கண்ணிலிருந்து மழையைத் துடைத்தான். "மழை பெய்ஞ்சா தினம் வந்து நட்டுட்டுப் போவேன். என்னிக்காவது வந்தீங்கன்னா வழி தெரியணுமே..."

அவள் அந்தக் குச்சியைப் பார்த்தாள். நிற்க நேரமில்லை. மிதித்தாள்.

அங்கம்மாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தபோது அன்னலட்சுமியின் கைகள் நடுங்கவில்லை. மேட்டில் தள்ளி வந்த நாட்களில் எவ்வளவு நேரம் நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும். கால், இடுப்பு, தோள்... கடைசியாகத் தலை. ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு லயமே அதிர ஓர் அழுகை.

அவள் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. காளியப்பன் அவள் சைக்கிளின் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் பம்பு.

"பின் சில்லுல காத்தே இல்லை மிஸ்ஸி. இதை வச்சுக்கிட்டா ஏறி வந்தீங்க?"

அப்பா நாளைக்கு என்று விட்டுப்போன சில்லு. அதற்குப் பிறகு அவளைத் தவிர வேறு யாரும் அதற்குக் காற்றடித்ததில்லை. அன்னலட்சுமிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

"ஐயோ, என்ன மிஸ்ஸி... நான் ஏதும் தப்பா..."

"இல்லை. அடியுங்கோ."

அவன் அடித்தான். தலை நிமிராமலே கேட்டான்: "ஊருக்குப் போறீங்களாமே?"

"ஆர் போறது? மாசம் இண்டையோட முடிஞ்சுது. ஒரு லயமும் தவறேல்லை. வேலை எனக்குத்தான்."

"அப்ப நாளையிலேருந்து எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

அவன் எழுந்து நின்றான். சொல்லலாமா வேண்டாமா என்று அந்தக் கண்கள் தவித்தன.

"அப்ப நான் வலமா வர்றேன் மிஸ்ஸி. ஒரே பக்கமாப் போனா ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துக்கிட்டே போக வேண்டியதுதான். எதிரும் புதிருமா வந்தாத்தான் தினம் உங்க முகத்தைப் பாக்கலாம்... உங்கம்மா கேட்டாங்கன்னா சொல்லுங்க, ஐயா விட்டுட்டுப் போன வலத்தை நான் சுத்துறேன்னு."

"அந்த மேடு செங்குத்தல்லோ?"

"ஏறிடுவேன். உச்சியில நீங்க நிப்பீங்கல்ல?"

அவள் சைக்கிளின் ஒரு கைப்பிடியை அவன் பக்கம் தள்ளினாள். இருவருமாக அதை உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

மாமா எழுந்தார். "ஆர் இது? தோட்டத்து ஆளோ? எங்கட ஆக்கள் இல்லையே!"

"எங்கட ஆக்கள் ரயிலில வந்து ரயிலில போட்டினம், மாமா," என்றாள் அன்னலட்சுமி. குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. "இவர் நான் வராத வழிக்கு மழைக்கு மழை வந்து மங்கு நட்டவர். நான் யாழ்ப்பாணம் வரேல்லை. இவரைத்தான் கட்டுவன்."

காளியப்பன் கைப்பிடியை இறுகப் பிடித்தான். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், உலர்ந்த துவாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கிராணியின் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ மாறிப்போயின. துரைகள் மாறினார்கள். லயங்கள் போயின. வலமாக வரும் சைக்கிளும் ஒருநாள் உச்சிக்கு வராமல் போனது.

ஆனால் அந்தப் பக்கமாக ஏறினால், மேடு எங்கே தொடங்குகிறது என்று இன்றும் தெரிவதில்லை.