நடுச்சுவரில் ஒட்டிய ஷீட்

"என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லப் போறார் சார். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளிலும் விரல் நுனிகளில் பிளாஸ்திரி. எதிரே இருந்தவர் விபத்து வண்டிகளுக்கு இழப்பு மதிப்பிட்டு ஓய்வு பெற்ற சர்வேயர்; இப்போது துப்பறிந்தாலும் எல்லோருக்கும் சர்வேயர்தான். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் காத்திருந்தார். அவருடைய மைத்துனரால் அது முடியவில்லை.

"கையில என்னம்மா காயம்?"

"காய் நறுக்கும்போது பட்டுடுச்சு."

டீச்சர் மெல்லிய குரலில் தொடர்ந்தார். கணவரிடம் ஒரு பழைய காலத்து கார் இருக்கிறது. பாட்டே கேட்காத மனிதர், திடீரென்று அதன் டிக்கியில் பெரிய ஸ்பீக்கர்கள் வைத்து, சத்தம் வெளியே போகாதபடி சுற்றிலும் ஷீட் ஒட்டி வாங்கினார்.

"போன வாரம் ரேடியோவை முழுச் சத்தத்துல டிக்கிக்குள்ள வச்சு மூடினார். தெருவுல நின்னுக்கிட்டு, 'கேக்குதா?'ன்னார். கேக்கலைன்னேன். தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டார். நாளைக்கு ரெண்டு பேரும் அணைக்கட்டுப் பக்கம் போகலாங்கறார். போலீஸ்ல, 'அடிச்சாரா, திட்டினாரா?'ன்னு கேட்டாங்க. அவர் சத்தமாக்கூடப் பேச மாட்டார் சார். வண்டியை எடுத்துட்டு வந்திருக்கேன், டிக்கியில பின் சீட்டை ஒட்டின நடுச்சுவரைப் பாருங்க. அங்கேயும் ஒட்டியிருக்கார்."

"புருஷன்தான் மாமா, சந்தேகமே வேண்டாம்" என்றார் மைத்துனர்.

"போன கேஸ்ல நாயைக்கூட நீ சந்தேகப்பட்ட மாப்ள. கொஞ்சம் பொறு."

ஸ்பீக்கர் பொருத்திய மெக்கானிக்கின் கொட்டகைக்கு மூவரும் காரிலேயே போனார்கள். மெக்கானிக் டிக்கியைத் திறந்தார். உள்ளே எல்லாப் பக்கமும் அலுமினியப் பளபளப்பு. அவர் குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"கீழயும் பக்கத்துலயும் மூடியிலயும் நான் ஒட்டினது. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சுவர்ல நான் ஒட்டல. இது வழியாத்தான் பாட்டு ஆளுங்களுக்குப் போகணும். இதை மூடினா ஸ்பீக்கர் எதுக்கு? ஒட்டின லட்சணத்தைப் பாருங்க, ஒரே கொப்புளம். உருளை வச்சுத் தேய்க்கவே இல்ல."

"கையுறை போட்டுத்தான் ஒட்டுவீங்களா?" என்று கேட்டார் சர்வேயர்.

"பின்ன? ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் சார். புதுசா ஒட்டறவங்க பத்து விரலையும் கிழிச்சுப்பாங்க."

சர்வேயர் அந்த ஷீட்டை உள்ளங்கையால் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்க என்ன புடைப்பு?"

"என் வளையம் சார். ஒரு தடவை உள்ள வயர் இழுக்கறப்ப மூடி விழுந்து மாட்டிக்கிட்டேன். உயிரே போயிடுச்சு. அதுல இருந்து எந்த டிக்கியில வேலை செஞ்சாலும், பூட்டுல இருந்து விரிப்புக்கு அடியில ஒரு கயிறு ஓட்டி, இந்தச் சுவர்ல வளையம் வச்சுடுவேன். இழுத்தா திறந்துக்கும். இவங்க வீட்டுக்காரரையும் இழுக்க வச்சுக் காட்டித்தான் சாவி குடுத்தேன்."

சர்வேயர் டீச்சரைத் தனியே அழைத்தார். மைத்துனரும் கூடப் போனார்.

"காய் நறுக்கினா ஒரு கையிலதான் காயம் படும். நடுச்சுவர்ல ஒட்டினது நீங்கதானேம்மா?"

டீச்சர் பிளாஸ்திரி விரல்களை மடக்கிக்கொண்டார். "ஆமா சார். என் பயத்தைத் தவிர காட்ட எதுவுமே இல்ல. எதையாவது காட்டினா நம்புவாங்கன்னு நெனச்சேன்."

மைத்துனர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப அந்த மனுஷன் மேல தப்பே இல்லையா?"

"ஒட்டறப்ப அந்த வளையம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஏதோ ஆணின்னு நெனச்சு அது மேலயே ஒட்டிட்டேன்."

சர்வேயர் கணவருக்குப் போன் செய்தார். வண்டிக்கு மதிப்புப் போட வேண்டும் என்று டீச்சர் கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். கணவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, தாழ்ந்த குரல். அவர் பக்கத்தில் வந்து நின்றதும் டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. மூடிய டிக்கியின் மேல் சர்வேயர் கையை வைத்திருந்தார்.

"அருமையான வண்டி. ஒரே ஒரு கவலை. தெரியாத்தனமா யாராவது உள்ள மாட்டிக்கிட்டா?"

"பழைய மாடல் சார்" என்று கணவர் புன்னகைத்தார். "உள்ள இருந்து திறக்க வழியே கிடையாது."

மெக்கானிக் வாயைத் திறந்தார். சர்வேயர் கையமர்த்திவிட்டு டிக்கியைத் திறந்தார். நடுச்சுவரின் ஷீட்டை நிதானமாக உரித்தார். இரும்பு வளையம் தெரிந்தது. அதைப் பிடித்து இழுத்தார். பூட்டு அசையவில்லை. வளையம் மட்டும் கையோடு வந்தது, பின்னால் ஒரு விரல் நீளக் கயிற்றோடு. அதன் முனை சீராக வெட்டப்பட்டிருந்தது.

"இந்த ஷீட்டை ஒட்டினது உங்க மனைவி" என்றார் சர்வேயர். "கயிறு இருந்ததே அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்கிட்ட முதல்ல அதைத்தான் காட்டியிருப்பாங்க. பொய்ச் சாட்சி ஒண்ணை ஒட்டி, நிஜச் சாட்சியை மூடிட்டாங்க. ஆனா நீங்க கயித்தை இழுத்துப் பார்த்துட்டு வண்டியைத் திரும்ப வாங்கினவர். வெட்டினது தெரியாத ஆளா இருந்தா, 'கயிறு இருக்கே'ன்னு சொல்லியிருப்பீங்க. வழியே கிடையாதுன்னு எப்படித் தெரிஞ்சது?"

கணவர் டீச்சரைப் பார்த்துத்தான் பேசினார், அதே தாழ்ந்த குரலில். "வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

டீச்சரின் கால் ஓர் அடி முன்னே போனது. பழக்கம். பிறகு நின்றது.

"வரல."

மைத்துனர் இருவருக்கும் நடுவில் போய் நின்றார். கணவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். எதிர்ப்புறக் கடை ஓரத்தில் நின்று கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கினார். அதன் அடியில் எதிரே நின்ற கணவரின் இரண்டு செருப்புகளும் அசையாமல் தெரிந்தன.

சர்வேயர் காவல் நிலையத்தை அழைத்து, போனை டீச்சரிடம் நீட்டினார்.

"முதல்ல ஷீட்டை ஒட்டினது நீங்கன்னு சொல்லிடுங்க. அப்புறம் கயித்தைப் பத்திச் சொல்லுங்க."

"பயமா இருக்கு சார்."

"இருக்கட்டும்மா. பயந்துக்கிட்டே சொல்லுங்க."

டீச்சர் போனைக் காதில் வைத்தார்.