யாக்கோப்பு நின்ற இடத்தில் பூட்டிய லைற்றுகள்

மனித குலம் இருளை வென்ற வரலாற்றில் ஊர்காவற்றுறைக்கும் ஓர் அழியாத இடம் உண்டு. அந்த இடம் றொபேட்டின் ட்ரக்டர் இழுக்கும் பெட்டிக்குப் பின்பக்கம்.

திருநாளன்று மாதாவின் சுரூபத்தை ஊர் சுற்றிக் கொண்டுவருவது எப்போதும் அந்தப் பெட்டிதான். கோயிலுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் திருப்ப இடமில்லை. இருட்டியபின் கோயில் வாசல்வரை பின்னோக்கியே வரவேண்டும். பெருமை முழுவதையும் றொபேட் வைத்துக்கொண்டான். பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தது என்னவோ யாக்கோப்பு. வாயில் சுருட்டோடு பின்னால் நின்று, பெட்டிப் பலகையில் ஒருமுறை தட்டினால் வா. இருமுறை தட்டினால் நில்.

மாரியில் யாக்கோப்பு செத்துப்போனான்.

"பின்னுக்கு நான் நிண்டு தட்டட்டோ, மச்சான்?" என்று ஜோர்ஜ் கேட்டான். அவனிடமும் ஒரு ட்ரக்டர் இருந்தது. கேள்வியின் குறை அதுதான்.

"நீ தட்டினால் நான் கடலுக்குள்ளதான் நிப்பன்."

றொபேட் பெட்டியின் பின்னும் பக்கமும் அடியும் லைற் பூட்டி எரியவிட்டான். மனைவி மேரிசுகந்தி கண்ணைப் பொத்தினாள்.

"என்னப்பா இது, கலியாண வீடு மாதிரி? யாக்கோப்பண்ணை கண்டால் திரும்பவும் செத்திருப்பார்."

"அவன்ர தட்டு இனி ஆருக்கு வேணும்?"

திருநாளுக்கு முதல்நாள் பொழுதுபட்டதும் ஒத்திகைக்கு வந்தான். ஜோர்ஜும் பங்குச் சுவாமியாரும் வாசலில் நின்றார்கள். காற்று விழுந்திருந்தது. கரைப்பக்கமிருந்து சாதாளைப் பாசி அழுகும் நாற்றம். றொபேட் பெட்டியைப் பின்னே விட்டான். வேலி ஓலைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

சுருட்டு மணத்தது.

தட்.

திரும்பிப் பார்த்தான். அவ்வளவு வெளிச்சத்திலும் ஒருவரும் இல்லை.

தட். தட்.

றொபேட் நிற்கவில்லை. இத்தனை லைற் பூட்டியபின் செத்தவன் சொல்லியா நிற்பது?

ஒரு லைற் அணைந்தது. பிறகு அடுத்தது. யாரோ உள்ளங்கையால் ஒவ்வொன்றாகப் பொத்திக்கொண்டு முன்னால் வருவதுபோல. சுருட்டு மணம் காதருகே வந்தது.

"நான் நிண்ட இடத்தில இதுகளோ?"

றொபேட்டின் கால் பிறேக்கைத் தேடியது. பெட்டி கோயில் மதிலில் மோதியது.

உடனே எல்லா லைற்றும் ஒன்றாக எரிந்து, இடிந்த மதிலைச் சுவாமியாருக்கு விளக்கமாகக் காட்டின.

மறுநாள் மாதா ஜோர்ஜின் பெட்டியில் ஏறினாள். றொபேட் தன் ட்ரக்டரைக் கோயிலோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, லைற்றுகளை மட்டும் எரியவிட்டான். மாதாவைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் பார்க்கட்டும்.

இருட்டியபின் ஜோர்ஜின் பெட்டி, ஒரு லைற்கூட இல்லாமல், ஒழுங்கையில் பின்னோக்கி வந்தது. அதன் பின்னால் ஒருவரும் இல்லை.

தட்.

தட். தட்.

வாசலில் நின்றது. மாதாவின் பூமாலைகூட அசையவில்லை.

றொபேட் ஓடிப்போய்க் குசுகுசுத்தான். "ஆரடா தட்டினது?"

ஜோர்ஜின் முகம் வெளுத்திருந்தது. "நீயெண்டெல்லோ நினைச்சனான்."

றொபேட்டுக்குப் பயம் வரவில்லை. வயிறெரிந்தது. இத்தனை வருசம் தன்னோடு நின்றவன், செத்தபின் அடுத்தவன் பெட்டிக்குப் போய்விட்டான்.

"எடேய் யாக்கோப்பு," என்று இருட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "இவன் உனக்கு ஒரு சுருட்டாவது வாங்கித் தந்தவனோ?"

ஜோர்ஜின் பெட்டிக்குப் பின்னால், ஆள் உயரத்தில், ஒரு நெருப்பு நுனி நிதானமாகச் சிவந்து தணிந்தது.

திருநாள் முடிந்தபோது றொபேட்டின் பற்றரி இறங்கியிருந்தது. அவனுடைய ட்ரக்டரை ஜோர்ஜின் ட்ரக்டர் கட்டியிழுத்து வீட்டில் விட்டது.