அறுந்த நாற்பது வினாடி

எந்த வேலையும் கொடுக்காதபோதே கணினியின் டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

மதியம். சூடேறிய தூசியின் வாடையும், அடுத்த அறையில் சுருட்டி வைத்த மெத்தையிலிருந்து இன்னும் போகாத மருந்தெண்ணெய் வாடையும் கலந்து மேசைவரை வந்தன. சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் டாக்டர். வீட்டுப் பெட்டிக்குத்தான் மருந்தில்லையாக்கும்? இன்னைக்கு அப்பா குரலைக் கேட்டுட்டுத்தான் கிளம்புவேன்."

"பழைய லினக்ஸ் பெட்டி, அக்கா. டிஸ்க் ஓடினா சத்தம் அறுந்துடுது."

அப்பா போன இந்த மூன்று மாதமாகத் தம்பி இதையே சொல்லிவந்தான். அறுத்தவன் அவன்தான்.

பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்காக அப்பாவின் கட்டிலருகே அக்கா மைக் வைத்து இந்தப் பெட்டியில் பதிவு செய்துவந்தாள். அவரால் கூப்பிட முடியாது. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் மூன்று முறை தட்டுவார். கடைசி நாளும் தட்டினார், மூன்று மூன்றாக, நாற்பது வினாடி. இந்த மேசையில் அவன் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டியது கேட்காமலில்லை. பாட்டின் சத்தத்தைக் கூட்டினான்.

பிறகு பதிவில் அந்த நாற்பது வினாடியை அழித்து, அங்கே மௌனத்தை வைத்தான்.

பதிவை ஓடவிட்டான். டிஸ்க் உறுமியபோதெல்லாம் அப்பாவின் குரல் நிஜமாகவே நொறுங்கியது. சொன்ன பொய் பலித்ததில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகக் கூசினான். ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபரைப் பெரிதாக்கினான். பின்னணியில் கோப்புகளைத் துழாவும் நிரலை நிறுத்தினான். பதிவு முழுவதையும் நினைவகத்துக்கு ஏற்றினான். இனி டிஸ்க்குக்கு வேலையே இல்லை.

குரல் தெளிந்தது. "ஆ... அம்... மா..." அப்பா முயன்றார். வெட்டிய இடம் வந்தது.

டக். டக். டக்.

டிஸ்க்.

பதிவை நிறுத்தினான். தட்டல் நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினான். மூடியைக் கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்தான். சூடு ஆறாமல், உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது.

டக். டக். டக்.

அடுத்த அறையில்.

"எத்தனை வாட்டி தட்டுறாரு பாரு," என்றாள் அக்கா, அப்பா இருந்தபோது சொல்லும் அதே அலுப்புடன். "போய்த் தண்ணி குடுத்துட்டு வாயேன்டா."

அவன் எழவில்லை. அன்றுபோலவே கை ஹெட்போனைத் தேடியது. மாட்டினான்.

தட்டல் நின்றது.

ஹெட்போன் கம்பி தரையில் கிடந்தது. எதிலும் செருகப்படாமல்.

காதுக்குள், வெகு அருகே, உலர்ந்த நாக்கு உதட்டை நனைக்கப் பார்க்கும் ஓசை.