வண்டி போகட்டும்

முதல் நாள் அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று கோமதிக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கால் நிமிடம் இருக்கலாம். பின்னால் நடந்தவை சேர்ந்து நினைவைக் கலைத்துவிட்டன.

பாலக்காட்டு ஜங்ஷனுக்குக் கிழக்கே இருந்த கூட்ஷெட் லைன், ரயிலால் உண்டான தெரு. கரி அள்ளியவர்களும் கொடி காட்டியவர்களும் கட்டிய வீடுகள் ரோட்டுக்கு முதுகைக் காட்டித் தண்டவாளத்தைப் பார்த்து நின்றன. வண்டி போகும்போது பேச்சு கேட்காது என்பதால், பாதிச் சொல்லில் நிறுத்தி, கடைசிப் பெட்டி போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அங்கே மூன்று தலைமுறைப் பழக்கம். தண்டவாளத்தைப் பெயர்த்துப் பத்து வருடமாகியும் பழைய மூன்று மணி வண்டியின் நேரத்துக்குத் தெருவே பேச்சை நிறுத்தியது. கோயம்புத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த கோமதி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பாப்பாவைக் கூட்டிட்டு வேற ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

"செரி, நாம..." என்ற நவீன்குமார் அப்படியே நின்றான்.

"நாம என்னங்க? இன்னைக்காவது முழுசாச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் பிறகு சிரித்தாள். "உம்பட ஊட்டுக்காரனுக்குச் சிக்னல் கெடைக்கோணுமல்ல அம்மிணி. வண்டி போவட்டும்."

"எந்த வண்டிங்க?"

பெரியம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சித்திரையில் அந்த நிறுத்தம் ஐந்து நிமிடமானது. வைகாசியில் அரை மணி. அடுப்படிகளில் எண்ணெய் கருகும் வாடை எழ, குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிய, திறந்த வாய்களில் ஈக்கள் உட்கார்ந்து எழுந்து மறுபடி உட்கார, தரைக்கடியில் ஏதோ கனமானது நகர்வதைக் கோமதி உள்ளங்காலில் உணர்ந்தாள். கணவனிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கு வறண்டது. அதே கேள்வி. அதே "நாம".

ஒரு நாள் அவனை உலுக்கினாள். அசையவில்லை. போதும் என்று தோன்றியது. தடுக்க ஆளில்லாத நேரம். மத்தியானத் தூக்கத்திலிருந்த நான்கு வயது மௌனிகாவை எழுப்பினாள். அந்த நேரத்தில் குழந்தை விழித்திருந்ததே இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

"வா சாமி. மாமன் ஊட்டுக்குப் போலாம்."

தெரு முழுக்க நின்ற ஆட்கள். பழைய தண்டவாள மேடு. இன்னும் பத்தடி.

"அம்மா, பஸ்ஸுல சன்னலோரம் நாந்தான் உக்கா..."

குழந்தையின் கை சில்லிட்டது. கோமதி குனிந்து பார்த்தாள். தூக்கினாள். ஓடினாள்.

அன்று நின்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரவே இல்லை. நவீன்குமார் அப்படியே ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். நாடிக்கட்டு போட்டும் வாய் மூடவில்லை. பெரியம்மாள் ஆடியில் போனாள். தெரு இடிக்கப்பட்டது. கோமதி அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மௌனிகா ஊட்டினால் விழுங்குகிறாள், நடக்கிறாள், வாயைத் திறந்தபடியே தூங்குகிறாள். அந்த வாயருகே காதை வைத்தால் சக்கரச் சத்தம் கேட்கிறது, பெட்டி பெட்டியாக.