ஏழாம் குழி

ஏழாம் குழியில் மண் குறைந்திருந்தது.

முந்தின நாள் பரிசோதனைக்கு மண் மாதிரி எடுத்து முடித்ததும் ஒவ்வொரு குழியையும் மூடி, காலால் மிதித்து, எண் எழுதிய குச்சியை நட்டுவிட்டுத்தான் ஜூடித் போனாள். காலையில் வந்து பார்த்தால் மற்ற பதினோரு குழிகளும் அப்படியே இருக்க, ஏழாவது மட்டும் முழங்கை ஆழத்துக்குத் திறந்து கிடந்தது. வெளியே அள்ளிப் போட்ட மண் எங்கேயும் இல்லை. காட்டுப்பன்றி என்றால் சுற்றிலும் வாரி இறைத்திருக்கும், இத்தனை சுத்தமாக வழித்துக்கொண்டு போகாது.

அந்த இடமே அவளுக்குப் பிடிக்கவில்லை. நீலகிரியில் இந்த ஓவேலி மழையில் தேயிலைக்குள் பத்தடி நடந்தால் காலில் நாலு அட்டையாவது ஏறும். இந்த முப்பது சென்ட்டில் இரண்டு நாளாக உழன்றும் ஒன்றுகூட ஏறவில்லை. தோண்டிய குழிகளில் ஒரு மண்புழு இல்லை. முன்பு இங்கே எஸ்டேட்டின் மருந்து ஸ்டோர் இருந்தது. பூச்சிக்கும் களைக்கும் அடிக்கிற மருந்தெல்லாம் நாற்பது வருஷம் இங்கேதான் கலந்தார்கள். இப்போது அதைத் தளத்தோடு இடித்துவிட்டுத் தொழிலாளர் குழந்தைகளுக்குக் காப்பகம் கட்டப் போகிறார்கள். மண் சுத்தம் என்று ஜூடித் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை அஸ்திவாரம்.

"பழைய ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்தானுங்க மேடம்," என்றான் உதவி மேலாளர் அருண்பிரசாத். "மறுபடியும் ஏனுங்க இத்தனை குழி?"

நார்மல் வராமல் என்ன செய்யும்? இடிக்கும் முன் எஸ்டேட்காரர்கள் ஸ்டோரைச் சுற்றி, தேயிலைக்கு உரம் பார்ப்பதற்கு எடுப்பது போலவே மண் எடுத்திருந்தார்கள். மருந்து தங்கும் மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, எல்லாக் குழி மண்ணையும் ஒன்றாகக் கலந்து ஒரே பை. ஒரு குழியில் விஷம் இருந்தாலும் மற்ற குழிகளின் நல்ல மண் அதை மறைத்துவிடும். பழக்கதோஷமா, வேண்டுமென்றே செய்ததா? அவன் சிரித்துக்கொண்டே நின்றான். அந்தச் சிரிப்பை அவள் துளியும் நம்பவில்லை. ஏழாம் குழி மண்ணை இவன்தான் அள்ளிப்போய் ஒளிக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

மகள் ஃபெபியைப் பார்த்துக்கொள்ளக் குன்னூர் வீட்டில் ஆளில்லாததால் அவளையும் கூட்டி வந்திருந்தாள். நாலு வயது. பகலில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயது தாண்டிய ராஜகுமாரியிடம் இருப்பாள்.

"பாப்பா சாப்பிடுதா?" என்று மதியம் போய்க் கேட்டாள் ஜூடித்.

"சோறு வேணாங்குதுங்க," என்றாள் ராஜகுமாரி. "எங்க பிள்ளைகளும் ரெண்டு நாளா அப்படித்தான் இருக்குதுங்க."

அன்று மாலை, கூடலூருக்குப் போய் மாதிரிப் பைகளை அனுப்பிவிட்டு வருவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள் ஜூடித். முதல் வளைவிலேயே இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு இடையே குனிந்து குனிந்து திரும்பி வந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். மூடுபனி சரிவில் இறங்கி வந்து நட்டு வைத்த குச்சிகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஃபேக்டரியிலிருந்து வாட்டிய இலையின் மணமும் எந்திர இரைச்சலும் வந்துகொண்டிருந்தன. பிறகு இரைச்சல் நின்றது. மணமும் மாறியது. வெல்லம் காய்ச்சுவது போல ஓர் இனிப்பு, தரையிலிருந்து.

அப்புறம் சுரண்டும் சத்தம்.

மண்வெட்டி இல்லை. நகம்.

மொபைலில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு எழுந்து ஓடினாள். அருண்பிரசாத் இல்லை. பெரியவர் என்று அங்கே ராஜகுமாரி மட்டும்தான் நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் இடுப்பளவு. லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏழாம் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சில்லை, சண்டையில்லை. வாய் மட்டும் அசைந்தது. சாம்பல் நிற உதடுகள்.

"ராஜகுமாரி! என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்க மேடம், பயந்துக்கும்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "நாங்களும் சின்னதுல இதத் தின்னுதான் வளந்தோம். அப்புறம் ஸ்டோருக்குத் தளம் போட்டு மூடிட்டாங்க. நீங்க வந்துதான் தொறந்து விட்டீங்க."

ஜூடித் வெளிச்சத்தை ஒவ்வொரு முகமாகத் திருப்பினாள். ஃபெபி முன்வரிசையில் இருந்தாள். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு.

எல்லாருமே ஏந்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

யாரும் தோண்டவில்லை.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. கீழேயிருந்து வந்தது.

குழியிலிருந்து ஒரு சின்னக் கை மேலே வந்தது. சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்துபோன விரல்கள். ஒரு பிடி ஈர மண்ணை ஃபெபியின் உள்ளங்கையில் வைத்து, சிந்தாமல் அவள் விரல்களை மூடிவிட்டது.

"அம்மாவுக்கும்," என்றாள் ஃபெபி, குழியைப் பார்த்து.

கை உள்ளே போனது. மறுபடி வந்தது. இந்த முறை தோள் வரைக்கும்.